பயத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்

(கீழ்பென்னாத்தூர் ஒன்றிய ஆசிரியர் கூடுகையில், நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் ‘பணியிடமும் மனநலமும்’ என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் அமர்ந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, ஆசிரியர் பயிற்றுநர்களே, தலைமையாசிரியர்களே, ஆசிரியர்களே, பகுதிநேரப் பயிற்றுநர்களே, பள்ளி மேலாண்மைக் குழு வழியாகப் பணியாற்றும் தற்காலிக ஆசிரியர்களே, அனைவருக்கும் என் காலை வணக்கம்.

கடைசி இரண்டு பிரிவினரையும் தனியாகச் சொல்லி அழைத்ததற்குக் காரணம் இருக்கிறது. வழக்கமாக ‘ஆசிரியப் பெருமக்களே’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். அந்தச் சொல்லுக்குள் நாமும் இருக்கிறோமா என்ற சந்தேகத்தோடு பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் சிலர் எப்போதும் உண்டு. 20 ஆண்டுகளுக்கு முன் நான் அந்தப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவள். இன்று பேசப் போவதும் அந்த வரிசையைப் பற்றித்தான். அதோடு, இன்று நான் உட்கார்ந்திருக்கும் முன்வரிசை நாற்காலியைப் பற்றியும்.

மனநலம் என்றால் மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவார்கள் என்று சிலர் எதிர்பார்த்திருப்பீர்கள். மூச்சுப் பயிற்சி நல்லதுதான். ஆனால் காலையில் பள்ளிக் கதவைத் தாண்டும்போதே ஒருவருக்கு மூச்சு முட்டுகிறது என்றால், அது ஏன் என்று முதலில் கேட்க வேண்டும் அல்லவா?

தொகுப்பூதியக் காலம்

நான் 2004 ஜூன் மாதம் இடைநிலை ஆசிரியையாகப் பணியில் சேர்ந்தேன். அப்போது நியமனம் எல்லாம் தொகுப்பூதியத்தில். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 3,000 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 4,000, முதுகலை ஆசிரியருக்கு 4,500. அகவிலைப்படி கிடையாது. ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது. பக்கத்து வகுப்பில் அதே வேலையைச் செய்பவர் என்னைப் போல் பல மடங்கு சம்பளம் வாங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு, 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். பின்னர் பெரும்பாலோர் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள் என்றாலும், நிரந்தரப் பணியில் இருந்தவர்களுக்கே அந்த நிலை என்றால் தொகுப்பூதியத்தில் இருப்பவள் எந்த மூலைக்கு? அந்தப் பயம் ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காலம் அது.

எனக்குக் கிடைத்த பள்ளி வேறு ஒன்றியத்தில், திருவண்ணாமலையைத் தாண்டி இருந்தது. கீழ்பென்னாத்தூரில் பேருந்து ஏறி, சோமாசிபாடி வழியாகத் திருவண்ணாமலை போய், அங்கே இன்னொரு பேருந்து மாறிப் போக வேண்டும். பள்ளியின் பெயரும் தலைமையாசிரியர் பெயரும் இங்கே தேவையில்லை. அவர் இப்போது இல்லை.

அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரிடம் வேலை பார்ப்பது கடினம். வருகைப் பதிவேட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்வார். மற்றவர்கள் கேட்டால் எடுத்துக் கொடுப்பார். நான் போனால் ஏதாவது எழுதிக்கொண்டே இருப்பார். பத்து நிமிடம் நிற்க வேண்டும். விடுப்பு விண்ணப்பத்தை வாங்கி மேசையில் வைப்பார், சரி என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். வகுப்பு நடக்கும்போது வாசலில் வந்து நின்று, பிள்ளைகள் எதிரில், “இதுதான் நீ சொல்லிக் கொடுக்கிற லட்சணமா?” என்பார்.

அந்த ஆண்டு தீபத் திருவிழாவின் தேரோட்ட நாள். பேருந்தை நகருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில் நடந்து, அடுத்த பேருந்தைப் பிடித்து, பள்ளிக்குப் போகும்போது 40 நிமிடம் தாமதம். பதிவேட்டில் என் கட்டத்தில் சிவப்பு மையால் சுழித்திருந்தார். காரணத்தைச் சொன்னேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: “இஷ்டம் இருந்தா இரும்மா. உன் இடத்துக்கு நாளைக்கே பத்து பேர் வருவாங்க. நான் ஒரு லெட்டர் எழுதினா போதும்.”

அந்த ஒரு கடிதத்தை நினைத்து எத்தனை இரவு தூங்காமல் கிடந்திருப்பேன் என்று கணக்கு இல்லை. வீட்டில் அப்பா நிலக்கடலை போட்டு நட்டப்பட்டிருந்த வருடம். அந்த 3,000 ரூபாயில்தான் தம்பிக்கு ஐ.டி.ஐ. கட்டணம். ஞாயிற்றுக்கிழமை மதியமே வயிறு கலங்கத் தொடங்கிவிடும். வகுப்பில் பிள்ளைகள் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால் கத்தினேன். அவர் என்னிடம் காட்டியதை நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டிக்கொண்டிருந்தேன். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

யார் கையெழுத்து?

எனக்கு வழி காட்டியது எந்தப் புத்தகமும் இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் இருந்த மூத்த ஆசிரியை ஒருவர். பேருந்தில் தினமும் என்னோடு வருவார். ஒருநாள் நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னபோது ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “உன் நியமன ஆணையில கையெழுத்து போட்டது யாரு?”

எனக்குத் தெரியவில்லை. ஆணையைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தேனே தவிர, முழுதாகப் படித்ததே இல்லை. அன்று இரவு எடுத்துப் படித்தேன். கையெழுத்து மாவட்ட அலுவலருடையது. நிபந்தனைகள் எட்டோ ஒன்பதோ இருந்தன. அவற்றில் தலைமையாசிரியர் ஒரு கடிதம் எழுதினால் வேலை போய்விடும் என்று எங்கும் இல்லை. அவர் புகார் எழுதலாம். எழுதினால் என்னிடம் விளக்கம் கேட்பார்கள். நான் எழுத்தில் பதில் சொல்லலாம். இவ்வளவுதான்.

மறுநாள் அந்த டீச்சர் சொன்னதை இன்றும் மறக்கவில்லை. “உனக்கு இருக்கிறது ரெண்டு பயம்மா. வேலை நிலைக்குமான்னு ஒண்ணு. இந்த மனுசன் என்ன பண்ணுவாரோன்னு ஒண்ணு. ரெண்டையும் ஒரே மூட்டையா கட்டித் தூக்கிட்டு அலையுற. பிரிச்சுப் பாரு.”

அன்பர்களே, நான் இன்று சொல்ல வந்ததின் சாரம் இதுதான். வேலையின் நிலையாமை அரசின் கொள்கையால், நிதி ஒதுக்கீட்டால், நீதிமன்றத் தீர்ப்பால் தீர்மானமாகிறது. மேலதிகாரியின் கடுமை ஒரு மனிதரின் இயல்பால் வருகிறது. முதலாவதைத் தனி ஆளாக மாற்ற முடியாது. சேர்ந்து கேட்கலாம், காத்திருக்கலாம், வேறு வழியும் தேடலாம். இரண்டாவதை ஓரளவு கையாளலாம். இரண்டும் கலந்துவிடும்போதுதான் அந்த மனிதர் நம் பிழைப்பின் எஜமானராகத் தெரிகிறார். அவருக்கு இல்லாத அதிகாரத்தை நம் பயமே அவருக்குக் கொடுத்துவிடுகிறது.

தொகுப்பூதிய ஆசிரியர்கள் 1.6.2006 முதல் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரப்பட்டோம். அது எங்கள் தலைமையாசிரியர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. ஆனால் நடுவில் இருந்த இரண்டு ஆண்டுகளை எப்படிக் கழித்தேன் என்பதில் ஒரு பங்கு என் கையில் இருந்தது.

இன்று யாருடைய பயம் எவ்வளவு உண்மை?

பயம் எல்லாமே கற்பனை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் இங்கே இருக்கும் பலருக்கு அநியாயம் செய்தவள் ஆவேன்.

பகுதிநேரப் பயிற்றுநர்களை எடுத்துக்கொள்வோம். 2009ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 100 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிக்கு ஒரு முழுநேரத் தலைமையாசிரியர் வேண்டும் என்கிறது. கலைக்கல்வி, உடற்கல்வி, பணிக்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. அதாவது ஓவியமும் விளையாட்டும் தையலும் கட்டாயம் என்று சொன்ன சட்டமே, அதைச் சொல்லித் தருபவர் பகுதிநேரம் என்றும் சொல்லிவிட்டது. அதன் அடிப்படையில் தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பேர் மாதம் 5,000 ரூபாயில் நியமிக்கப்பட்டார்கள். வாரம் மூன்று அரை நாள். 2014இல் 7,000, 2017இல் 7,700, 2021இல் 10,000, 2024 தொடக்கத்தில் 12,500 என்று படிப்படியாக உயர்ந்தது. பல ஆண்டுகள் மே மாதம் சம்பளம் இல்லாமல் இருந்தது. இன்று ஏறத்தாழ 12,000 பேர்தான் பணியில் இருக்கிறார்கள். மற்றவர்கள் இறந்தும், வயது முதிர்ந்தும், வேறு வேலை தேடியும் போய்விட்டார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு வழியாக 2022 முதல் நியமிக்கப்பட்டு வரும் தற்காலிக ஆசிரியர்களின் நிலை இன்னும் இளையது, இன்னும் மெலிந்தது. நிரந்தர ஆசிரியர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்துவிட்டால் இவர்களுடைய பணி முடிந்துவிடும். இந்தப் பயம் உண்மையானது. இதைத் தைரியம் சொல்லித் தீர்க்க முடியாது.

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன என்பதையும் நேராகத் தெரிந்துகொள்ளுங்கள். 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, முறையான தேர்வு இல்லாமல் தற்காலிகமாகச் சேர்ந்தவர்கள் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. 2016 அக்டோபரில் ஜக்ஜித் சிங் வழக்கில் அதே நீதிமன்றம், நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையை அதே பொறுப்போடு செய்யும் தற்காலிக ஊழியருக்குச் சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கை பொருந்தும் என்றது. முதல் தீர்ப்பை மட்டும் சொல்லிப் பயமுறுத்துபவர்களும் உண்டு, இரண்டாவதை மட்டும் சொல்லி ஆசை காட்டிப் பணம் வசூலிப்பவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தனியார் பள்ளியில் வேலை செய்யும் உறவினர்களும் நண்பர்களும் உங்களுக்கு இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். ஆசிரியர்களுக்குப் பணிக்கொடை கிடையாது என்று 2004இல் ஒரு தீர்ப்பு இருந்தது. 2009இல் சட்டத்தையே திருத்தி, 3.4.1997 முதல் ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று ஆக்கினார்கள். 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று உறுதி செய்தது. ஐந்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றியவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

நான் செய்த நான்கு காரியங்கள்

இனி மேலதிகாரி என்ற இரண்டாவது பயம். அந்த டீச்சர் சொன்னபடி நான் நான்கு காரியங்கள் செய்தேன். எதுவும் பெரிய காரியம் இல்லை.

முதலாவது, ஒரு 40 பக்க நோட்டு. நடந்ததைத் தேதி, நேரத்தோடு இரண்டு மூன்று வரியில் எழுதுவேன். திட்டியது மட்டும் அல்ல, வாய்மொழியாக இட்ட வேலைகளையும். ‘12ஆம் தேதி, மதியம் 2 மணி, வங்கிக்குப் போகச் சொன்னார், இரண்டு பாடவேளை வகுப்பு இல்லை.’ இப்படி. இதனால் இரண்டு நன்மை. என்றாவது விளக்கம் கேட்டால் கையில் சான்று இருக்கும். இன்னொன்று நான் எதிர்பாராதது. ஒரு மாதம் கழித்துப் படித்துப் பார்த்தபோது, தினமும் திட்டுகிறார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தவர் மாதத்தில் ஆறு நாள்தான் திட்டியிருந்தார். அதிலும் நான்கு நாள் அலுவலகத்திலிருந்து ஏதாவது அறிக்கை கேட்டு ஆள் வந்த நாள். அந்த நாட்களில் அவர் பக்கம் போகாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். ‘மன்னரைச் சேர்ந்தொழுகல்’ என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அதன் முதல் குறள் இங்கே இருக்கும் தமிழாசிரியர்களுக்குத் தெரியும். எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதுதான் அங்கே பேச்சு.

இரண்டாவது, நேரில் ஒருமுறை பேசினேன். பேச வேண்டியதை முந்தைய இரவே எழுதி மனப்பாடம் செய்தேன். குற்றச்சாட்டுப் பட்டியல் வைத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு விசயம். மதிய உணவு முடிந்து அவர் தனியாக இருந்த நேரம் பார்த்துப் போனேன். “சார், பிள்ளைங்க எதிர்ல நீங்க என்னைத் திட்டினா அடுத்த பீரியட்ல அவங்க நான் சொல்றதைக் கேட்கிறதில்ல. தப்பு இருந்தா ரூமுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்க சார், திருத்திக்கிறேன்” என்றேன். கால் நடுங்கியது. அவர் பதிலே சொல்லவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவும் இல்லை. அதன்பிறகு திட்டுவதற்கு அறைக்குக் கூப்பிட்டார். திட்டுவது நிற்கவில்லை. இடம் மாறியது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மூன்றாவது, யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது என்று தீர்மானித்தேன். ஆசிரியர் அறையில் அவரைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினேன். அங்கே சொன்னது மாலைக்குள் அவர் காதுக்குப் போய்விடும் என்பது மட்டும் காரணம் இல்லை. பேசப் பேசக் கோபம் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை. பேருந்து டீச்சர் ஒருவரிடம் மட்டும் சொன்னேன். அந்த ஒருவர் எல்லோருக்கும் வேண்டும்.

நான்காவது, வேறு கதவு ஒன்றைத் திறந்து வைத்தேன். தொலைநிலையில் பட்டப் படிப்பில் சேர்ந்தேன். படிப்பு முடிய வருடங்கள் ஆகும் என்று தெரியும். ஆனால் இந்த அறை ஒன்றுதான் உலகம் என்ற எண்ணம் அன்றே போய்விட்டது. பாரதியாரே 1904இல் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில், விடுப்பில் போன ஒரு தமிழாசிரியரின் இடத்தில் தற்காலிக ஆசிரியராக இருந்தவர்தான். அதை விட்டுச் சென்னைக்குச் சுதேசமித்திரன் பத்திரிகைக்குப் போனார். தற்காலிகப் பணியில் இருந்தவர் என்பதால் அந்த மூன்று மாதமும் அவரிடம் படித்த பிள்ளைகளுக்கு அவர் பாதி ஆசிரியராகவா இருந்திருப்பார்?

இந்த நான்கும் எல்லை மீறாத கடுமைக்குத்தான் போதும். எல்லை மீறினால் வேறு வழி. பெண் ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் நிரந்தரப் பணியாளருக்கு மட்டும் உரியது அல்ல. தற்காலிகம், தினக்கூலி, ஊதியமே இல்லாத தன்னார்வலர் எல்லோருக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள பணியிடத்தில் உள் குழு இருக்காது. அப்போது மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். அதேபோல் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்லிவிட்டு, அவருடைய குறைகளைத் தீர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிரக் கல்வி சாராத பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. உங்களைப் பற்றிய ஆணையின் நகல் கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மனம் தாங்க முடியாத நிலைக்குப் போனால் தயங்காமல் உதவி கேளுங்கள். பிள்ளைகளுக்கு 14417 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். அதற்கு முந்தைய எண் 14416. அது ‘டெலி மனஸ்’ என்ற மனநல உதவி எண். கட்டணம் இல்லை. ஆசிரியரும் அழைக்கலாம்.

மேலதிகாரியின் கடுமை உடம்பையும் தொடும் என்பது வெறும் புலம்பல் இல்லை. இங்கிலாந்தில் ‘வொயிட்ஹால் ஆய்வு’ என்று அரசு ஊழியர்களையே பல்லாண்டு பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் மட்டும் 10,308 பேர். தன் வேலையை எப்படிச் செய்வது என்பதில் தனக்கு எந்தப் பிடியும் இல்லாதவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு அதிகம் என்று அதில் கண்டார்கள். பொறுப்பு மிகுந்த உயர் அதிகாரிகளுக்குத்தான் நெஞ்சுவலி வரும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறு. ஆகவே தலைமையாசிரியர்களே, உங்களிடம் பணியாற்றுபவருக்கு அவர் வகுப்பில் எதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கக் கொஞ்சம் இடம் விட்டால், நீங்கள் அவருடைய ஆயுளுக்கு நன்மை செய்கிறீர்கள்.

என் நாற்காலியில் இருந்து

இப்போது சொல்லக் கடினமான பகுதிக்கு வருகிறேன்.

அந்தத் தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு விசயம் தெரிந்தது. பள்ளிக் கட்டடக் கணக்கில் ஒரு தணிக்கைத் தடை இருந்திருக்கிறது. அது நீங்காவிட்டால் ஓய்வூதியப் பலன்கள் நின்றுவிடும் என்ற பயம் அவருக்கு. என்னைப் பயமுறுத்தியவர் அவரே பயந்துபோய்த்தான் இருந்திருக்கிறார். அதனால் அவர் செய்தது சரியாகிவிடாது. ஆனால் அதைக் கேட்டபோது, நான் தலைமையாசிரியை ஆனால் இப்படி இருக்க மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

2017இல் தலைமையாசிரியை ஆனேன். என் பள்ளிக்கு ஓவியத்துக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் வந்தார். வாரம் மூன்று அரை நாள். நல்ல கை. அவர் பாடவேளைக்குப் பிள்ளைகள் ஓடுவார்கள். கணினியும் நன்றாகத் தெரியும். அதுதான் வினையாயிற்று. எமிஸ் பதிவேற்றம் என்றால் அவரைக் கூப்பிடுவேன். வங்கிக்குப் போக, வட்டார வள மையத்தில் புத்தகம் எடுத்து வர, எல்லாவற்றுக்கும் அவர். ஓவிய வகுப்புகள் ஒவ்வொன்றாகக் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் போயின. அவர் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. முகம் சுளிக்க முடியாத இடத்தில் அவர் இருக்கிறார் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

ஒருநாள் மதியம், சீக்கிரம் போக வேண்டும் என்று அனுமதி கேட்டார். திருவண்ணாமலையில் ஒரு கடைக்கு விளம்பரப் பலகை எழுதும் வேலை, மாலைக்குள் முடிக்க வேண்டுமாம். அன்று ஏதோ ஓர் அறிக்கைக்கு அலுவலகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்திருந்தது. நான் தலை நிமிராமல் சொன்னேன்: “இஷ்டம் இருந்தா இருங்க சார். இந்த வேலைக்கு வர எத்தனையோ பேர் காத்துட்டு இருக்காங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய குரல் என்று தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர், “சரிங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் பலகை எழுதப் போகவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு வேறு அறிக்கை வந்தது.

அந்தக் கோடை விடுமுறைக்குப் பிறகு அவர் பள்ளிக்கு வரவில்லை. ஓசூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க மேடம். மே மாசம் சம்பளம் இருந்திருந்தா நான் ஏன் போறேன்? பிள்ளைங்க நல்லா வரையுறாங்களா?” என்று கேட்டார். பெருந்தன்மையாகச் சொல்கிறாரா, உண்மையாகவே அதுதான் காரணமா, எனக்குத் தெரியாது. மே மாதச் சம்பளம் என் கையில் இல்லை. அந்த ஒரு மதிய நேரம் என் கையில் இருந்தது. 2022இல் கலைத் திருவிழா தொடங்கியபோது எங்கள் பள்ளியில் ஓவியப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய ஆள் இல்லை. அப்போதும் அவரைத்தான் நினைத்தேன்.

அதன்பிறகு என் பள்ளியில் சிலவற்றை மாற்றினேன். பகுதிநேரப் பயிற்றுநரின் பாடவேளைகளைக் கால அட்டவணையில் எழுதித் தொங்கவிட்டோம். அதை எடுக்க வேண்டுமானால் நான் அவரிடம் கேட்க வேண்டும். அவர் முடியாது என்று சொல்லலாம். தற்காலிக ஆசிரியர் அனுபவச் சான்று கேட்டால் அன்றே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். தேர்வு எழுதவோ நேர்காணலுக்கோ போக வேண்டும் என்றால், “நல்லபடியா எழுதிட்டு வாங்க” என்று அனுப்புகிறேன். நிரந்தர ஆசிரியர் வரப்போகிறார் என்று தகவல் தெரிந்தால், அந்தத் தகவல் முதலில் சேர வேண்டியது தற்காலிக ஆசிரியரிடம்தான். அவர் கடைசி நாளில் அறிந்துகொள்ளக் கூடாது. ஆசிரியர் கூட்டத்தில் கருத்துக் கேட்கும்போது பின்வரிசையில் இருந்து தொடங்குகிறேன்.

இவற்றுக்கு அரசாணை தேவையில்லை. நிதியும் தேவையில்லை.

அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற பேராசிரியர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல குழுவில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு வேறு மாதிரி வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. ஆழ்ந்து பார்த்தபோது, அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, பயமில்லாமல் சொல்கிறார்கள் என்று புரிந்தது. பள்ளிக்கும் இது பொருந்தும். ஒரு பிள்ளை வகுப்பில் மயங்கி விழுந்ததை, சத்துணவில் குறை இருந்ததை, ஐந்தாம் வகுப்பில் நான்கு பேருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாததைத் தலைமையாசிரியரிடம் சொல்லப் பயப்படும் ஆசிரியர் இருந்தால், இழப்பு அவருக்கு மட்டும் இல்லை. பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே பின்வரிசையில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் நியமன ஆணையை எடுத்து முழுதாகப் படியுங்கள். கையெழுத்து யாருடையது, நிபந்தனைகள் என்ன என்று பாருங்கள். புரியாத வரி இருந்தால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். என்னிடமும் கேட்கலாம்.

முன்வரிசையில் இருக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒன்று. உங்கள் பள்ளியில் நிலையில்லாத பணியில் இருப்பவர் யார் என்று இப்போதே ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அவரிடம் கடைசியாகத் தலை நிமிர்ந்து பேசியது எப்போது? சொல்ல வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தால், கோடை விடுமுறை வருவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.